மஞ்சள் கொடி உங்கள் மகனின் கழுத்துக்காகத்தான் வீசப்பட்டது

வாசகர் கடிதம்:

நாங்கள் டெக்சாஸில், டாலஸ் நகருக்கு வடக்கே வசிக்கிறோம். என் மகனுக்கு 15 வயது. பள்ளியின் ஜூனியர் வார்சிட்டி என்னும் இளைய அணியில் அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறான், லைன்பேக்கர் என்னும் தற்காப்பு ஆட்டக்காரன். சென்ற வியாழக்கிழமை ஆட்டத்தில், பந்தோடு ஓடிவந்த பையனைத் தலையைத் தாழ்த்தி மார்பில் மோதிச் சாய்த்தான். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த நொடி நடுவர் மஞ்சள் கொடியை வீசி, 15 யார்டு தண்டனை கொடுத்து, அவனை ஆட்டத்தை விட்டே வெளியேற்றிவிட்டார். எதிராளியின் தலையில் அடி படவே இல்லை, இது அநியாயம் என்று என் கணவர் பள்ளிக்குப் புகார் எழுதப்போவதாகச் சொல்கிறார். கிட்டத்தட்ட ஆயிரம் டாலர் விலையில் புதிய ஹெல்மெட் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறார். அன்றிரவு லேசாகத் தலை வலிக்கிறது என்றான் மகன். தைலம் தேய்த்துவிட்டு ஐபுப்ரோஃபென் கொடுத்தேன். திங்கட்கிழமை பயிற்சிக்குப் போய்விட்டான். வீட்டுப்பாடம் செய்யும்போது மட்டும் நெற்றியைப் பிடித்துக்கொள்கிறான். நல்ல ஹெல்மெட் இருந்தால் போதுமா? பந்தோடு வருபவனைப் பிடித்து வீழ்த்துவதை டேக்கிள் என்கிறார்களே, அதை முறையாகச் செய்வது என்றால் என்ன? ஆட்டத்தையே நிறுத்திவிடலாமா? இந்த விளையாட்டைப் பற்றி எங்கள் இருவருக்கும் ஒன்றும் தெரியாது.

விளையாட்டு மருத்துவர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் எழுதுகிறேன். ஆனால் நீங்கள் கேள்வியாகக் கேட்காமல், போகிற போக்கில் எழுதிய ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. வீட்டுப்பாடம் செய்யும்போது நெற்றியைப் பிடித்துக்கொள்கிறான் என்கிறீர்களே, அதற்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்று அவன் பயிற்சிக்குப் போகக்கூடாது. நாளையும் கூடாது. தலையில் மோதல் நடந்து, நாட்கள் கடந்த பிறகும் படிக்கும்போது தலை வலிக்கிறது என்றால், அது கன்கஷன் என்னும் மூளை அதிர்ச்சியாக இருக்கலாம். மயங்கி விழுந்தால்தான் கன்கஷன் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். நான் பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒரு நொடிகூட நினைவிழக்கவில்லை. தலை கனப்பது, வெளிச்சம் கூசுவது, எழுத்தில் கவனம் நிற்காமல் போவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது, தூக்கம் மாறுவது, இவைதான் வழக்கமான அடையாளங்கள். பள்ளியில் விளையாட்டுக் காயங்களைக் கவனிக்க அத்லெடிக் டிரெய்னர் என்ற பொறுப்பில் ஒருவர் இருப்பார். அவரிடம் இன்றே தகவல் சொல்லுங்கள். இந்த வாரத்திற்குள் மருத்துவரைப் பாருங்கள். அதற்கிடையில் தலைவலி நேரமாக ஆகக் கூடினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்பினால் எழாத தூக்கம் தூங்கினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிந்து தெரிந்தாலோ, கை கால் மரத்தாலோ, வலிப்பு வந்தாலோ, யாரையும் கேட்டுக்கொண்டிராமல் 911-ஐ அழையுங்கள். வலி மாத்திரை கொடுத்துப் பயிற்சிக்கு அனுப்புவது மட்டும் இனி வேண்டாம். மாத்திரை வலியைத்தான் மறைக்கிறது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், 2006-ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநிலத்தில் ஸாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுப் பையனுக்கு நேர்ந்தது அப்படி. முதல் பாதியில் தலையில் அடி. சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இரண்டாம் பாதியில் மறுபடி இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் மைதானத்திலேயே சரிந்தான். மூளைக்குள் இரத்தக்கசிவு, வீக்கம், அறுவை சிகிச்சை, அதன் பிறகு பல ஆண்டுகள் மறுவாழ்வுப் பயிற்சி. முதல் அடியிலிருந்து ஆறாத மூளைக்கு இரண்டாவது அடி சிறிதாக இருந்தாலும் போதும். அவன் பெயரால் 2009-இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. 2014-க்குள் ஐம்பது மாநிலங்களும் அதைப் போன்ற சட்டங்களைக் கொண்டுவந்துவிட்டன. உங்கள் டெக்சாஸில் 2011-இல் வந்தது நடாஷா சட்டம். கன்கஷன் என்று சந்தேகம் வந்தாலே மாணவனை ஆட்டத்திலிருந்து விலக்க வேண்டும், மருத்துவர் எழுத்து மூலம் அனுமதிக்காமல் திரும்பக்கூடாது, அந்த அனுமதியைப் பயிற்சியாளர் கொடுக்க முடியாது என்கிறது அது. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆனால் தலைவலி இருக்கிறது என்று பள்ளியில் யாருக்கும் தெரியாவிட்டால் அந்தச் சட்டத்தால் ஒன்றும் செய்ய முடியாது. இப்போதைக்கு அது உங்களுக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும்.

இனி அந்தக் கொடிக்கு வருகிறேன். உங்கள் கணவர் சொல்வதில் ஒரு பாதி உண்மை. எதிராளியின் தலையில் படவில்லை. ஆனால் டெக்சாஸ் பள்ளிகள் ஆடுவது என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பின் விதிகளை ஒட்டி. அதில் டார்கெட்டிங் என்ற குற்றத்துக்கு இரண்டு பிரிவுகள் உண்டு. தன்னைக் காத்துக்கொள்ள முடியாத நிலையில் உள்ள ஆட்டக்காரரின் தலையிலோ கழுத்திலோ வேகமாக மோதுவது ஒன்று. ஹெல்மெட்டின் உச்சியால் எதிராளியைக் குறிவைத்து வேகமாக மோதுவது மற்றொன்று. இரண்டாவது பிரிவில் எங்கே பட்டது என்பது பேச்சே இல்லை. மார்பானாலும் தொடையானாலும் குற்றம்தான். அந்தப் பிரிவின் முதல் பயனாளி அடி வாங்கியவன் அல்ல, அடித்தவன். மார்பில் அடிபட்ட பையனுக்கு மூச்சு முட்டியிருக்கும், அதிகம் போனால் ஒரு விலா எலும்பு. உங்கள் மகன் பணயம் வைத்தது தன் கழுத்தை.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட இது தெரிவதில்லை என்பது என் அனுபவம்.

நம் கழுத்தில் ஏழு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கின்றன. நிமிர்ந்து நிற்கும்போது அந்த அடுக்கு நேர்க்கோடாக இருக்காது; முன்பக்கமாக மெல்ல வளைந்திருக்கும், வில்லைப் போல. அந்த வளைவுதான் பாதுகாப்பு. மேலிருந்து ஒரு விசை வந்தால் வில் சற்று வளைந்து கொடுக்கிறது. சுற்றியுள்ள தசைகளும் தசைநார்களும் சுமையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. தலையை முப்பது பாகை அளவு முன்னால் குனியுங்கள். வளைவு மறைந்து அடுக்கு நேராகிவிடும். இப்போது அது வில் அல்ல, வெறும் குச்சி. குச்சியின் ஒரு முனை எதிராளியின் மார்பில் முட்டி நின்றுவிடுகிறது. மறுமுனையில் உங்கள் மகனின் உடல், எழுபது கிலோவோ என்னவோ, ஓடிவந்த வேகத்தில் இன்னும் முன்னேறிக்கொண்டிருக்கிறது. நடுவில் அகப்பட்ட எலும்பு நொறுங்குகிறது. இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்திற்குள் முடிந்துவிடும். கழுத்துத் தசையை எவ்வளவு வளர்த்திருந்தாலும் அந்தக் கணத்தில் அது உதவிக்கு வராது. எலும்புக்கு உள்ளே ஓடும் தண்டுவடம் சுண்டுவிரல் தடிமன்தான். அது நசுங்கினால் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது.

கிடா முட்டுப் பார்த்திருப்பீர்கள். கிடாயின் மண்டையும் கழுத்தும் அதற்கென்றே அமைந்தவை. மனிதக் கழுத்து அப்படி அமையவில்லை.

பெயர் சொல்லி மூவரைக் குறிப்பிடுகிறேன். மார்க் புவோனிகான்டி, சிட்டடெல் கல்லூரியின் லைன்பேக்கர், 1985-இல் ஒரு டேக்கிளில் கழுத்து முறிந்தது. அவர் தந்தை நிக் மயாமி டால்ஃபின்ஸ் அணியின் புகழ்பெற்ற லைன்பேக்கர். தண்டுவட ஆராய்ச்சிக்காக அந்தக் குடும்பம் முன்னின்று தொடங்கிய மயாமி புராஜெக்ட் இன்றும் இயங்குகிறது. எரிக் லெகிராண்ட், ரட்கர்ஸ் பல்கலைக்கழகம், 2010 அக்டோபரில், பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும் ஒரு கிக்ஆஃபின்போது தலை தாழ்த்திப் பாய்ந்தார். அன்று முதல் சக்கர நாற்காலி. ரயன் ஷேஸியர், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ், 25 வயது, அவரும் லைன்பேக்கர்தான். 2017 டிசம்பர் 4 அன்று சின்சினாட்டியில், தொலைக்காட்சியில் நாடே பார்த்துக்கொண்டிருந்தபோது, சாதாரணமான ஒரு டேக்கிளுக்குத் தலையைக் குனிந்தார். விழுந்தார். கால்கள் அசையவில்லை. நீண்ட சிகிச்சைக்குப் பிறகு நடக்கத் தொடங்கினார், ஆட்டத்துக்குத் திரும்பவில்லை. அடுத்த மார்ச் மாதமே தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். தன் விதியை மாற்றியது: யாராயிருந்தாலும் தலையைத் தாழ்த்தி ஹெல்மெட்டால் மோதலைத் தொடங்குவது குற்றம். மூவருமே டேக்கிள் செய்யப்போனவர்கள், டேக்கிள் செய்யப்பட்டவர்கள் அல்லர். மூவரும் முரடர்களும் அல்லர். கழுத்து தவறான கோணத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே அந்தப் புகார்க் கடிதத்தை அனுப்ப வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். அந்த நடுவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. கைதட்டிய கூட்டத்தின் மீதுதான் எனக்கு வருத்தம். அந்தக் கைதட்டல் ஒரு பதினைந்து வயதுப் பையனுக்குத் தவறான பாடத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டது.

இப்போது ஹெல்மெட். ஆயிரம் டாலர் ஹெல்மெட் வீண் என்று சொல்லமாட்டேன். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2011 முதல் ஹெல்மெட்களைச் சோதித்து நட்சத்திரத் தரம் கொடுத்துவருகிறது. அதில் ஐந்து நட்சத்திரம் பெற்றவற்றில் ஒன்றாக இருப்பது நல்லது. பள்ளி கொடுத்திருக்கும் ஹெல்மெட்டே அப்படி இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டுகளுக்கு மேல் பழையது என்றால் வேண்டாம். உள்ளே உள்ள காற்றுப்பைகள் சரியாக நிரம்பியிருக்க வேண்டும், தாடைப்பட்டை இறுகியிருக்க வேண்டும், தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாகச் சுழலக்கூடாது. ஹெல்மெட் மண்டையோடு உடையாமல் காக்கிறது. அந்த வேலையை மிக நன்றாகவே செய்கிறது. ஆனால் மண்டையோட்டுக்குள் நீரில் மிதக்கும் மூளை குலுங்குவதையும் திருகுவதையும் அதனால் ஓரளவு குறைக்கத்தான் முடியும், தடுக்க முடியாது. கழுத்தை அது காப்பதே இல்லை.

இந்த விளையாட்டின் வரலாறு இதைத்தான் சொல்கிறது. தோல் ஹெல்மெட் காலத்தில் யாரும் தலையால் இடிக்கத் துணியவில்லை; இடித்தால் முதலில் வலிப்பது தனக்கு என்று தெரியும். பிளாஸ்டிக் ஓடு வந்தது, முகக்கம்பி வந்தது. முகமும் மண்டையும் பத்திரம் என்றானதும், 1960-களில் பயிற்சியாளர்களே தலையை முன்னே கொடுத்து மோதச் சொல்லிக்கொடுத்தார்கள். 1968 என்ற ஒரே ஆண்டில் ஆட்டத்தில் நேரடியாக அடிபட்டு இறந்தவர்கள் 36 பேர். பிலடெல்பியாவைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஜோசப் டார்க் நாடு முழுவதும் கழுத்து முறிவுகளைப் பதிவு செய்து, ஆட்டப் படச்சுருள்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, தலை குனிந்த நிலையில் உச்சியால் மோதியதே காரணம் என்று நிறுவினார். 1976-இல் பள்ளிகளும் கல்லூரிகளும் ஹெல்மெட்டால் குத்துவதைத் தடை செய்தன. அந்த ஆண்டில் கழுத்துக்குக் கீழே நிரந்தரமாக முடங்கியவர்கள் 34 பேர். 1984-இல் 5 பேர். எட்டே ஆண்டுகளில் இந்தச் சரிவை வாங்கித் தந்தது புதிய ஹெல்மெட் அல்ல. தலையை எங்கே வைப்பது என்ற விதியும், அதைச் சொல்லிக்கொடுத்த பயிற்சியும்தான்.

அவனுடைய ஹெல்மெட்டின் வெளிப்புறத்தில் ஓர் எச்சரிக்கை ஒட்டியிருக்கும். பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. இந்த ஹெல்மெட்டால் எதிராளியை முட்டவோ இடிக்கவோ குத்தவோ கூடாது, அப்படிச் செய்தால் மூளைக் காயம், முடக்கம், மரணம் நேரலாம் என்ற பொருளில் அதில் எழுதியிருக்கும். தயாரித்த நிறுவனமே எழுதி ஒட்டியது அது. உங்கள் கணவர் அடுத்த ஹெல்மெட்டை வாங்குமுன் தந்தையும் மகனும் அதைச் சேர்ந்து படிக்கட்டும்.

சரி, முறையான டேக்கிள் எப்படி இருக்கும்? உங்களுக்கு இந்த ஆட்டம் தெரியாது என்றீர்கள். கபடி தெரியும் அல்லவா? ஏறிவந்தவனைப் பிடிப்பவர் என்ன செய்கிறார்? முழங்காலை மடக்கித் தாழ்கிறார், கண்ணை எடுக்காமல் அருகில் போகிறார், தோளைத் தொடையிலோ இடுப்பிலோ பதித்து, இரு கைகளாலும் கட்டிக்கொள்கிறார். தலையால் யாரும் முட்டுவதில்லை. அங்கே தலை வெறுமையாக இருக்கிறது. அதைப் பத்திரமாக ஒதுக்கி வைக்க உடம்புக்கே தெரிகிறது. நல்ல அமெரிக்க டேக்கிளும் ஏறக்குறைய அதுதான். ரக்பியில் எப்போதும் அப்படித்தான் செய்துவருகிறார்கள். சியாட்டில் சீஹாக்ஸ் அணியின் பயிற்சியாளராக இருந்த பீட் கேரல் 2014-இல் அந்தத் தோள் டேக்கிளை ரக்பியிலிருந்து எடுத்துக் காணொளியாக்கிப் பள்ளிகளுக்கெல்லாம் கொண்டுசேர்த்தார்.

அதன் உள்விவரத்தைச் சொல்கிறேன், மகன் செய்வதைப் பார்த்து நீங்களே கண்டுகொள்ளலாம். ஓடிவருபவனை நேருக்கு நேர் எதிர்கொள்ளாமல், தனக்கு அருகில் உள்ள அவனது இடுப்பைக் குறிவைத்து, சற்றுப் பக்கவாட்டிலிருந்து நெருங்க வேண்டும். நெருங்கியதும் அடிகள் குறுக வேண்டும். தாழ்வது முழங்காலிலும் இடுப்பு மூட்டிலும் நடக்க வேண்டும், நாற்காலியில் உட்காரப்போவது போல. முதுகை வளைத்துத் தாழ்ந்தால் தலை தானாகக் கவிழும். தவறுகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. எந்தத் தோளால் தொடப்போகிறானோ அதே பக்கத்துக் காலை எதிராளிக்கு மிக அருகில் ஊன்ற வேண்டும். எட்டத்தில் ஊன்றினால் பாய வேண்டிவரும், பாய்ந்தால் தலை முந்திக்கொள்ளும். தோள் தொடைக்கும் இடுப்புக்கும் நடுவில் பதியட்டும். தலை எதிராளியின் உடலுக்கு முன்னால் குறுக்கே போகக்கூடாது. பின்பக்கமாக ஒதுங்கி, கன்னம் அவன் இடுப்பில் ஒட்டியிருக்க வேண்டும். பிறகு கைகள் கட்ட வேண்டும், இறுக்க வேண்டும், கால்கள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வீழ்த்துவது மோதலின் அதிர்ச்சி அல்ல, பிடியும் கால்களும்தான்.

பையன்கள் தலையைக் குனிவது பெரும்பாலும் வெறியால் அல்ல, பயத்தால். முகத்தை நோக்கி எதுவாவது விரைந்து வந்தால் கண் மூடிக்கொள்ளும், கன்னம் மார்பை நோக்கி இறங்கும். அது பிறவியிலேயே வந்த அனிச்சைச் செயல். வீரம் என்று கூட்டம் கைதட்டுவது பல நேரங்களில் ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொண்ட கணம். எனவே ‘தலையைத் தூக்கு’ என்று கத்தினால் போதாது. மெதுவாக நடந்து வருபவனை மெத்தை மேல் பிடிப்பதில் தொடங்கி, பிறகு பாதி வேகம், பிறகு முழு வேகம் என்று நூறு நூறு முறை செய்தால்தான் தொடும் நொடியிலும் கண் திறந்திருக்கப் பழகும். ஆட்டத்தின் கடைசிப் பகுதியில், தொடைகள் களைத்துப்போனபோது, முழங்கால் மடங்க மறுக்கும், முதுகு வளையும், பழைய பழக்கம் திரும்பும். அப்போது எழுந்து ‘இன்னும் இன்னும்’ என்று கத்தும் பெற்றோர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

இந்த முறையிலும் விலை இல்லாமல் இல்லை. தாழ்வாகப் பிடித்தால் முழங்கால் காயங்கள் வரலாம், எதிராளியின் முட்டி முகக்கம்பியில் படலாம். முழங்காலைத் தைத்துச் சரிசெய்ய எங்களுக்குத் தெரியும். தண்டுவடத்தைத் தைக்க யாருக்கும் தெரியாது.

சொல்லிக்கொடுத்தால் மாறுமா என்று கேட்பீர்கள். மாறும். நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் ஒரு குழுவினர் ஆட்டக்காரர்களில் பாதிப்பேரை வாரத்தில் ஓரிரு முறை, சில நிமிடங்கள் மட்டும், ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு டேக்கிள் பயிற்சி செய்ய வைத்தார்கள். சக ஆட்டக்காரர் மீது அல்ல, பஞ்சுப்பொதி மீது. தலையில் மூடி இல்லை என்றதும் உடம்பு தானாகத் தலையை ஒதுக்கியது. பருவத்தின் முடிவில் அவர்கள் தலையில் வாங்கிய மோதல்கள் 28 விழுக்காடு குறைந்திருந்தன. டார்ட்மத் கல்லூரியின் பயிற்சியாளர் பட்டி டீவன்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். 2010-இல் பயிற்சியின்போது ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் டேக்கிள் செய்வதையே நிறுத்தினார். பொம்மைகள் மீதும், பின்னாளில் பொறியியல் மாணவர்கள் செய்து கொடுத்த ஓடும் இயந்திரப் பொம்மை மீதும் பழக வைத்தார். அணி தோற்றுப்போகும் என்றார்கள், அணி வென்றது. 2016-இல் டார்ட்மத் ஆடும் ஐவி லீக் என்ற கல்லூரிக் குழுவின் பயிற்சியாளர்கள் எல்லோருமே அந்த வழிக்கு வந்தார்கள். 2023-இல் ஒரு சைக்கிள் விபத்தின் காயங்களால் அவர் இறந்தபோது எனக்குத் தனிப்பட்ட இழப்பாகவே இருந்தது. ஒருமுறைகூட நான் அவரைச் சந்தித்ததில்லை.

டெக்சாஸும் சும்மா இருக்கவில்லை. பள்ளி ஆட்டங்களை நடத்தும் யு.ஐ.எல். அமைப்பு 2013-இல் முழு மோதல் பயிற்சியை ஒரு மாணவருக்கு வாரம் 90 நிமிடம் என்று கட்டுப்படுத்தியது. 2019 முதல் டேக்கிள் கற்பிக்கும் முறையில் பயிற்சியாளர்கள் சான்று பெற வேண்டும் என்றும் வைத்திருக்கிறது. ஆகவே பயிற்சியாளரைச் சந்தித்து இவற்றைக் கேட்பதில் உங்களுக்குக் கூச்சம் தேவையில்லை. டேக்கிளை எந்த நாளில், எவ்வளவு நேரம், எந்த வேகத்தில் கற்பிக்கிறீர்கள்? என் மகன் தலை குனிந்ததைப் படத்தில் அவனுக்குக் காட்டினீர்களா? யாராவது அசையாமல் கிடந்தால் என்ன செய்வதென்று எழுதிவைத்த திட்டம் இருக்கிறதா? இருவரை எதிரெதிரே நிறுத்தி மோதவிடும் ஓக்லஹோமா டிரில் இன்னும் நடக்கிறதா? அந்தப் பயிற்சியை என்.எஃப்.எல். அணிகளே 2019-இல் கைவிட்டுவிட்டன. ஒரு நல்ல பயிற்சியாளர் இந்தக் கேள்விகளால் மகிழ்வார். முகம் சுளித்தால் அதுவும் உங்களுக்கு ஒரு பதில்தான்.

பல ஆண்டுகளாக ஒரு பள்ளி அணியோடு வெள்ளிக்கிழமை இரவுகளில் ஓரக்கோட்டில் நிற்கிறேன். ஒரு கிக்ஆஃபில் ஒரு பையன் தலை தாழ்த்தி மோதி, தானே எழுந்து என்னிடம் நடந்துவந்தான். கை எரிகிறது என்றான். ஒரு கை எரிந்தால் தோளருகே ஒரு நரம்பு இழுபட்டிருக்கும், அடிக்கடி பார்ப்பதுதான். எந்தக் கை என்று கேட்டேன். இரண்டையும் நீட்டினான். இரண்டு கையும் எரிந்தால் அது தண்டுவடம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியே அசையாமல் படுக்க வைத்து, தலையையும் கழுத்தையும் இரு கைகளால் தாங்கிப் பிடித்து, ஹெல்மெட்டைக் கழற்றாமல், ஆம்புலன்ஸ் வரும்வரை அதே நிலையில் இருந்தேன். பையனின் அம்மா வேலிக்கு அப்பால் நின்று, அவன் நன்றாகத்தானே நடந்து வந்தான், ஏன் படுக்க வைத்தீர்கள் என்று அழுதுகொண்டே கேட்டார். எரிச்சல் ஒரு மணி நேரத்தில் அடங்கியது. ஸ்கேனில் முறிவு இல்லை. அவன் இப்போது கல்லூரியில் படிக்கிறான், கால்பந்து ஆடுவதில்லை. உங்களுக்கும் சொல்கிறேன்: மகன் என்றாவது களத்தில் விழுந்து அசையாமல் கிடந்தால் ஓடிப்போய்த் தூக்கி உட்கார வைக்காதீர்கள், ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். தாய்க்கு அது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்.

கடைசிக் கேள்வி, நிறுத்திவிடலாமா? முறையாக டேக்கிள் செய்தால் ஆபத்தே இல்லை என்று நான் சொன்னால் பொய் சொன்னவனாவேன். கழுத்து முறிவை நல்ல பழக்கம் பெருமளவு தடுக்கும். மூளைக்கு அப்படிச் சொல்ல முடியாது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆன் மெக்கீயின் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், இறந்த பின் தானமாகக் கிடைத்த 111 என்.எஃப்.எல். ஆட்டக்காரர்களின் மூளைகளில் 110-இல் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோய் இருந்தது. நோய் அறிகுறிகளைக் கண்டு கவலைப்பட்ட குடும்பங்களே பெரும்பாலும் தானம் செய்தன. எனவே ஆடிய எல்லோருக்கும் இந்த விகிதம் பொருந்தாது. ஆனால் ஆடிய ஆண்டுகள் கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது என்பது தெளிவாகியிருக்கிறது. கன்கஷன் அளவுக்குப் போகாத சிறிய மோதல்களும் கணக்கில் சேர்கின்றன. பள்ளியில் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆடுவதும், பத்து வயதில் தொடங்கிக் கல்லூரிவரை ஆடுவதும் ஒன்றல்ல.

என் கருத்தைக் கேட்டால், இன்றைய கோபத்திலும் பயத்திலும் நிறுத்தாதீர்கள். அப்படி நிறுத்தினால் அடுத்த தலைவலியை அவன் உங்களிடம் சொல்லமாட்டான். முதலில் குணமாகட்டும். மருத்துவர் அனுமதித்த பின், படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் விட்டு, திரும்பட்டும். அறிகுறி தலைகாட்டினால் ஒரு படி பின்வாங்கட்டும். அதன் பிறகு ஆறு வாரம் டேக்கிளை அடியிலிருந்து கற்கட்டும். அந்த ஆறு வாரத்துக்குப் பிறகும் தலை குனிகிறது என்றால், அல்லது பயிற்சியாளருக்கு அதில் அக்கறை இல்லை என்றால், அல்லது இன்னொரு கன்கஷனை அவன் மறைத்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் நிறுத்திவிடுவேன். அவன் அழுதாலும் நிறுத்துவேன். டேக்கிளே இல்லாத ஃபிளாக் ஃபுட்பால் இருக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அதுவும் ஒரு போட்டி. அதைச் சொல்லும்போது ஆறுதல் பரிசைப் போலச் சொல்லாதீர்கள்.

ஆறு வாரத்தில் மாறியிருக்கிறானா என்று ஆட்டம் தெரியாத நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? ஆட்டங்களின் காணொளிப் பதிவு பயிற்சியாளரிடம் இருக்கும், கேட்டால் கொடுப்பார். தலைவலி முழுவதும் போன பிறகு, ஒரு மாலை மூவரும் உட்கார்ந்து பாருங்கள். அவன் டேக்கிள் செய்யும் ஒவ்வொரு இடத்திலும், தொடுவதற்குச் சற்று முன் படத்தை நிறுத்துங்கள். அவனுடைய ஹெல்மெட்டின் உச்சி எதிராளியை நோக்கி இருக்கிறதா, அல்லது முகக்கம்பியும் அதற்குள் இருக்கும் கண்களும் எதிராளியை நோக்கி இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு எண்ணுங்கள். எண்ணும் வேலையை அவனிடமே கொடுங்கள். அந்தத் தாளை எனக்கும் அனுப்பிவையுங்கள்.